முகூர்த்த ப்ளவுஸ் அளவு: இப்போதைய அளவையே கொடுங்கள்

தை மாதக் கல்யாணம், அதற்குள் 8 கிலோ குறைக்க ஆசை, ப்ளவுஸை 2 இன்ச் சின்னதாகவே தைக்கச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் தோழி. இன்றைய அளவையே கொடுங்கள். பெரியதைப் பிடித்துத் தைப்பது சுலபம். சின்னதைப் பிரித்துவிட உள்ளே துணி இருக்க வேண்டும். இருந்தாலும் பட்டில் பழைய ஊசித் துளைகள் வரிசையாகத் தெரியும்.

அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. ஆரி வேலையை (கொக்கி ஊசியால் போடும் எம்பிராய்டரி) வெட்டாத துணியில்தானே செய்கிறார்கள்! கழுத்து, கை, முதுகு டிசைனை மட்டும் இப்போது போடச் சொல்லுங்கள். வெட்டித் தைப்பதைக் கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்பு வைத்துக்கொள்ளுங்கள், அன்று புதிதாக அளவெடுக்கட்டும். கைக்கு முழுச் சுற்றும் வேலை வைக்காதீர்கள். அக்குள் பக்கத் தையலை ஒட்டி இரண்டு பக்கமும் ஒரு இன்ச் வெறுமையாக இருந்தால்தான், கை மெலிந்தாலும் மணி, ஜர்தோசி ஜரிகை வேலையை உடைக்காமல் பிடிக்க முடியும். பக்கத் தையலில் ஒன்றரை இன்ச் துணி, லைனிங்கோடு சேர்த்து, கட்டாயம் விடச் சொல்லுங்கள்.

கழுத்தை ரொம்ப அகலமாக வைக்காதீர்கள். மெலிந்தால் முதலில் தோள்தான் நழுவும், அதைப் பக்கத் தையலில் சரிசெய்ய முடியாது. பின்னால் ஒரு நாடா இருக்கட்டும். பேடட் பிரின்சஸ் கட் (உள்ளே பேட் வைத்து, மார்பின் மேல் நீளவாக்கில் தையல் வருவது) பிறகு மாற்றக் கஷ்டம், முகூர்த்தத்துக்குச் சாதா கட்டே போதும்.

தைத்து வந்ததும் கையைத் தூக்கி, மாலை மாற்றுவது போல் செய்து பாருங்கள். அதற்குப் பிறகு டயட்டை நிறுத்திவிட்டு வயிறாரச் சாப்பிடுங்கள்.