மணலி சாலையில் தினமும் ஓடும் பிக்கப்புக்கு ஆல் டெரெய்ன் டயர் சரியா?

திருவொற்றியூரிலிருந்து மணலிக்குத் தினமும் பிக்கப் ஓட்டுகிறேன், ஆல் டெரெய்ன் டயர் (தார்ச்சாலை, கரடுமுரடான பாதை இரண்டுக்கும் ஆனது) போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போடலாம். கன்டெய்னர் லாரிகள் குதறிய சாலைக்கும், மழை விட்டபின் கிடக்கும் சேறு ஜல்லிக்கும் அது பொருத்தம்தான். ஆனால் பெரிய பட்டனும் (தரையைத் தொடும் ரப்பர் கட்டிகள்) அவற்றுக்கிடையே அகலமான இடைவெளியும் உள்ளதை எடுக்காதீர்கள். தார்ச்சாலையில் இரைச்சல் கூடும், மைலேஜ் குறையும், ஈரத்தில் பிரேக் பிடித்தால் வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும். நெருக்கமான பட்டன்களும் அவற்றில் மெல்லிய கீறல்களும் உள்ள மிதமான ரகமே போதும். பனியில் ஓட்ட ஏற்றது என்று காட்டும் பனிமலைச் சின்னத்துக்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம், நம் ஊரில் அதற்கு வேலையே இல்லை.

கம்பெனி கொடுத்த அளவையே வைத்துக்கொள்ளுங்கள். சுமை எண் குறையவே கூடாது. 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும். அப்புறம், பக்கவாட்டில் 2325 என்றிருந்தால் 2025-இன் 23-வது வாரத் தயாரிப்பு. அதைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.