செப்டம்பர் மாசத்துச் சண்டியர்கள்

வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர்: பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற கல்லூரி உடற்கல்வி இயக்குநர்

கேள்வி: அண்ணாச்சி, என் மகன் அலபாமாவில் படிக்கிறான், என் அண்ணன் மகள் மிச்சிகனில். ரெண்டு பேருக்கும் அமெரிக்க ஃபுட்பால் பைத்தியம். செப்டம்பர் பிறந்து மூணு ஆட்டம் முடியுமுன்னே குடும்ப வாட்ஸ்அப்பில் 'எஸ்.இ.சி.தான் கெத்து', 'பிக் டென்தான் கெத்து' என்று சண்டை. நானும் அண்ணனும் ஒன்றும் விளங்காமலே அவரவர் பிள்ளை பக்கம் நிற்கிறோம். அதற்குள் எந்தக் கூட்டம் பெரிசு என்று சொல்ல முடியுமா?
– ஒரு வாசகர், கல்லிடைக்குறிச்சி

பதில்: முடியாது அண்ணாச்சி. நாற்றங்கால் பச்சையைப் பார்த்துப் பிசானக் கண்டுமுதல் சொல்கிற கதைதான் அது.

பிள்ளைகள் சொல்லும் எஸ்.இ.சி., பிக் டென் இரண்டும் கான்ஃபரன்ஸ்கள். கான்ஃபரன்ஸ் என்றால் பல கல்லூரிகள் சேர்ந்து வைத்திருக்கும் ஆட்டக் கூட்டணி. அலபாமா இருக்கும் எஸ்.இ.சி.யில் 16 அணி. மிச்சிகன் இருக்கும் பிக் டென்னில் 18 (பேரில் மட்டும்தான் பத்து). ஓர் அணிக்கு வருசத்துக்கு 12 ஆட்டம். பெரும்பாலானவை கூட்டணிக்குள்ளே, மிச்சம் வெளியாட்களோடு. அந்த வெளியாட்டங்களில் முக்கால்வாசியைச் செப்டம்பரிலேயே ஆடி முடித்துவிடுவார்கள். சண்டை அங்கேதான் முளைக்கிறது.

2024இல் நான் கொலம்பஸில் மகள் வீட்டில் இருந்தேன். மருமகன் ஒஹையோ ஸ்டேட் ரசிகர்; அதுவும் பிக் டென் அணிதான். அட்டவணையை ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து மாட்டி, ஆட்டம் முடிந்ததும் பேனாவால் ஸ்கோர் எழுதுவார். ஏக்ரன் 52–6. வெஸ்டர்ன் மிச்சிகன் 56–0. மார்ஷல் 49–14. "மாமா, இந்த வருசம் நம்மளை அசைக்க ஆள் கிடையாது" என்றார். நான் முப்பது வருசம் கபடி டீமைக் கூட்டிக்கொண்டு அலைந்தவன். என் கண் முதலில் எதிராளி பேர்மேல்தான் போகும். மூன்றுமே சின்னக் கூட்டணி அணிகள், மூன்றுமே சொந்த மைதானத்தில்.

எனக்கு எங்கள் டீம் ஞாபகம் வந்தது. ஒரு வருசம் முதல் மூன்று ஆட்டத்தில் ஊதித் தள்ளினோம். எதிரே வந்தவர்கள் ஆள் பற்றாமல் கிரிக்கெட் பையனையும் இழுத்துக்கொண்டு வந்தவர்கள். ஒருத்தன் பேண்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு ரெய்டு வந்தான். திரும்புகிற பஸ்ஸில் பாட்டும் கூத்தும். அடுத்த வாரம் வ.உ.சி. மைதானத்தில் நிஜமான ஒரு டீம். எங்கள் நட்சத்திர ரெய்டரை முதல் ரெய்டிலேயே கணுக்காலைப் பிடித்துக் கவிழ்த்தார்கள். பயல் அதற்கப்புறம் நடுக்கோட்டைத் தாண்டவே யோசித்தான். பஸ்ஸில் ஒருத்தரும் பேசவில்லை.

ஒஹையோ ஸ்டேட்டுக்கும் அப்படித்தான். அக்டோபரில் ஒரிகனிடம் 32–31 தோல்வி. நவம்பர் 30இல் சொந்த மைதானத்திலேயே மிச்சிகனிடம் 13–10. முதல் மூன்றே ஆட்டத்தில் 157 புள்ளி குவித்த டீம், அன்றைக்கு வெறும் பத்து. மருமகன் அட்டவணையைக் கழற்றிவிட்டார் என்று மகள் போனில் சொன்னாள். அவசரப்பட்டுவிட்டார். அதே டீம் பிளேஆஃபில் (சீசன் முடிவில் நடக்கும் நாக்-அவுட் சுற்று) டென்னசி, ஒரிகன், டெக்சஸ் மூன்றையும் சாய்த்து, 2025 ஜனவரி 20இல் நோட்ர டேமையும் 34–23 என்று வீழ்த்தித் தேசியக் கோப்பையைத் தூக்கியது.

இப்போது கணக்குக்கு வருவோம். கூட்டணிக்குள் ஆடினால் ஒருத்தன் வெற்றி இன்னொருத்தன் தோல்வி. வரவும் செலவும் சரியாகிவிடும். எனவே கூட்டணியின் பலம் வெளியாட்டத்தில்தான் தெரியவேண்டும். பிக் டென் அணி 12இல் 9ஐ உள்ளுக்குள் ஆடுகிறது. எஸ்.இ.சி. 2025 வரை 8தான் ஆடியது, 2026 முதல் அங்கேயும் 9. ஓர் ஆட்டம்தானே என்று விட்டுவிடாதீர்கள். 18 அணி தங்களுக்குள் கூடுதலாக ஒரு தடவை மோதினால் 9 அணிக்குத் தோல்வி நிச்சயம். உள்ளுக்குள் 8 மட்டும் ஆடுகிற கூட்டணிக்காரனோ அந்தச் சனிக்கிழமை ஒரு சோப்ளாங்கியைக் கூப்பிட்டு வெற்றி எழுதிக்கொள்வான்.

கூப்பிடுவது சும்மா இல்லை, காசு கொடுத்து. சில நேரம் அந்தக் காசே வினையாகும். 2007இல் மிச்சிகன் 4 லட்சம் டாலர் கொடுத்து, ஒரு தட்டு கீழே ஆடிய அப்பலாச்சியன் ஸ்டேட்டை வரவழைத்து 34–32 என்று தோற்றது. (அண்ணன் மகளிடம் இதைப் பார்த்துச் சொல்லுங்கள்.) 2024இல் நோட்ர டேம் 14 லட்சம் டாலர் கொடுத்து நார்தர்ன் இல்லினாயிடம் 16–14 என்று வாங்கிக் கட்டிக்கொண்டது. இரண்டிலுமே பெரிய அணி கடைசி நேரத்தில் கம்பங்களுக்கு நடுவே உதைத்த பந்தை (ஃபீல்டு கோல்) எதிராளிகள் கை நீட்டித் தடுத்துவிட்டார்கள். அப்படித் தோற்ற நோட்ர டேம்தான் இறுதிப் போட்டிக்கும் வந்தது, பார்த்துக்கிடுங்க.

உங்கள் மகன் 'அவனை இவன் ஜெயித்தான், இவனை நாங்கள் ஜெயித்தோம்' என்று சங்கிலி போட்டால் 2024ஐக் காட்டுங்கள். வாண்டர்பில்ட்டை ஜார்ஜியா ஸ்டேட் (ஜார்ஜியா வேறு, இது வேறு) 36–32 என்று வென்றது. அலபாமாவை வாண்டர்பில்ட் 40–35. ஜார்ஜியாவை அலபாமா 41–34. அந்த ஜார்ஜியாதான் கடைசியில் எஸ்.இ.சி. சாம்பியன். சங்கிலியின் நுனியில் நிற்கும் ஜார்ஜியா ஸ்டேட் வருசம் முழுக்க ஜெயித்தது மூன்றே ஆட்டம்!

இதெல்லாம் வேடிக்கை. எனக்கு எரிச்சல் வேறு இடத்தில். பந்தை உதைக்குமுன்னே ஆகஸ்டில் ஒரு தரவரிசை வந்துவிடுகிறது. அதில் பேர் வாங்கிய கூட்டணிக்காரன் அக்டோபரில் தோற்றால் 'பலசாலியிடம் அடிபட்டான்' என்பார்கள். பேரில்லாதவன் தோற்றால் 'நான் அப்பவே சொன்னேன்'. பிளேஆஃபில் 12 இடம். ஐந்து கூட்டணிச் சாம்பியன்களுக்குப் போக மிச்சம் ஏழு இடத்தை ஒரு குழு பார்த்துக் கொடுக்கிறது. 'யாரோடு ஆடினான்' என்பதும் அங்கே ஒரு கேள்வி. ஆக, செப்டம்பரில் வாங்கிய பேர் வட்டியோடு டிசம்பரில் கைக்கு வரும்.

பிள்ளைகள் கட்டாயம் எதையாவது பார்த்தே தீரவேண்டுமென்றால், கூட்டணியின் தலையை விட்டுவிட்டு இடுப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். ஏழாவது எட்டாவது இடத்து அணி, இன்னொரு பெரிய கூட்டணியின் ஏழாவது எட்டாவது அணியை அவன் ஊரிலேயே போய் ஜெயித்ததா? அப்படிப்பட்ட ஆட்டம் செப்டம்பரில் விரல்விட்டு எண்ணத்தான் தேறும். அதனால் சண்டையும் சுருக்காக முடியும்.

கேள்வி: பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறான்கள். இதற்குப் பேர் ஃபுட்பாலா?
– ஒரு வாசகி, சுரண்டை

பதில்: 1869 நவம்பர் 6இல் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் கல்லூரிகள் ஆடிய முதல் ஆட்டத்தில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது தாயீ. ரட்கர்ஸ் 6–4 என்று ஜெயித்தது. ஆட்டம் மாறிவிட்டது, பேர் ஒட்டிக்கொண்டது.

கேள்வி: நம்ம ஊரிலிருந்து இதை எந்நேரம் பார்ப்பது?
– ஒரு வாசகர், முக்கூடல்

பதில்: அவர்களின் கிழக்குக் கரையில் சனி மதியம் 12 மணி ஆட்டம் நமக்கு இரவு 9.30. இரவு 7.30 ஆட்டம் ஞாயிறு காலை 5 மணிக்கு. நவம்பர் முதல் ஞாயிறு முதல் ஒரு மணி நேரம் பிந்தும். எனக்கு அந்த அஞ்சு மணி ஆட்டம்தான் தோது. பால்காரர் மணி அடிக்கையில் இடைவேளை வந்துவிடும்.