வாசகர் கேள்வி பதில்: விளையாட்டுக்கு ஓர் உறை

கேள்வி: கிளித்தட்டை அடிப்படையாகக் கொண்டு பாடசாலைச் செயற்றிட்டத்துக்காகக் கணினி விளையாட்டொன்றை உருவாக்கியுள்ளோம். அதற்கான டிவிடி உறையை எவ்வாறு வடிவமைப்பது? சினிமாப் பாடலொன்றைப் பின்னணியில் சேர்க்கலாமா?
- மாணவி ஒருவர், வெள்ளவத்தை

பதில்: பாடலை விட்டுவிடுங்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஒரு படைப்பு உருவான கணத்திலேயே, எந்தப் பதிவும் இன்றி, பாதுகாப்புப் பெற்றுவிடுகிறது. அந்தப் பாதுகாப்பு சினிமாப் பாடலுக்கு இருப்பதுபோலவே உங்கள் ஓவியங்களுக்கும் நிரலுக்கும் உண்டு. கிளித்தட்டு என்னும் மரபு விளையாட்டோ எவருக்கும் தனியுடைமையன்று.

வழமையான டிவிடி பெட்டியின் உறைத்தாள் 273 மில்லிமீற்றர் அகலமும் 183 மில்லிமீற்றர் உயரமும் கொண்டது. அதன் நடுவிலுள்ள 14 மில்லிமீற்றர் முதுகுப் பட்டியில் விளையாட்டின் பெயர் மட்டும் இருந்தால் போதும். வெட்டும்போது ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியாதிருக்க, நாற்புறமும் 3 மில்லிமீற்றர் மேலதிகமாக நிறத்தை நீட்டுங்கள்; அப்போதும் ஏ4 தாளில் அடங்கும். திரையில் மின்னும் பச்சை அச்சில் மங்கிப்போவதால், புறக்கோட்டையில் அச்சிடக் கொடுக்குமுன் மாதிரிப் பிரதி ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்.

முன்பக்கத்தில் எல்லாப் பாத்திரங்களையும் நெருக்குவது மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை (நானும் செய்திருக்கிறேன்). கோட்டில் கைவிரித்து நிற்கும் கிளியும் (மறிக்கும் ஆட்டக்காரர்), அதன் விரல்நுனிக்கு எட்டாமல் வளைந்தோடும் ஒரு சிறுமியும் போதும். பின்பக்கத்தில் இரண்டு திரைக்காட்சிகள், விளையாடும் முறை, தேவையான கணினி வசதி, குழுவினரின் பெயர்கள் ஆகியன இடம்பெறட்டும்.