சாட்ஸ்வொர்த்துல ஒரு பவர்8 சர்வர்: லினக்ஸ் ஏத்துறதுக்கு முன்னாடி என்னென்ன பாக்கணும்

தென்னாப்பிரிக்காவுல டர்பன் பக்கத்து சாட்ஸ்வொர்த்துல இருந்து ஒரு தம்பி எழுதிருக்காரு. டர்பன்ல ஒரு கம்பெனி சர்வர் ரூமைக் காலி பண்ணப்ப ஏலத்துல ஐபிஎம் பவர் எஸ்822எல் சர்வர் ஒண்ணு கம்மி விலைக்கு கெடச்சிருக்கு. கோயில் டிரஸ்டோட உறுப்பினர் பதிவு, தைப்பூசக் காவடிக்கு பேர் குடுக்குறது, சனிக்கிழமை தமிழ் வகுப்புக்கு மூடுல் (ஆன்லைன்ல பாடம் நடத்துற சாஃப்ட்வேர்), எல்லாத்தையும் இதுலயே ஓட்டணும்னு ஆசைப்படுறாரு. வீட்ல இருந்த உபுண்டு யூஎஸ்பியைப் போட்டா பூட் ஆகல, மானிட்டர்ல ஒண்ணும் வரல, அப்புறம் ஒரு நண்பர் உதவியோட டெபியன் இன்ஸ்டாலர் வரைக்கும் போயிட்டாங்க, ஆனா அங்க ஒரு டிஸ்க் கூட காட்டல. "மெஷின் செத்துப்போச்சாண்ணா, இல்ல லினக்ஸ் இதுல ஓடாதா, இதுக்கு மேல காசு போடலாமா"ன்னு கேக்குறாரு.

மெஷின் சாகல தம்பி, லினக்ஸும் நல்லாவே ஓடும். பேர்ல கடைசியா இருக்க 'எல்' எழுத்தே லினக்ஸுக்குத்தான், 2014-ல ஐபிஎம் இந்த வரிசையை லினக்ஸ் ஓட்டுறதுக்குன்னே விட்டாங்க. நீங்க சொன்ன மூணு கோளாறுமே ஹார்டுவேர் கோளாறு இல்ல, இந்த மெஷினோட பழக்கவழக்கம் நம்ம சாதா பிசி மாதிரி இல்லங்கறதுதான் விஷயம்.

மொதல்ல யூஎஸ்பி. நம்ம லேப்டாப்புக்கு டவுன்லோட் பண்ற உபுண்டு ஏஎம்டி64-க்கு கட்டினது, இன்டெல் ஏஎம்டி சிப்புல மட்டும் ஓடும். உங்க மெஷின்ல இருக்கறது பவர்8 சிப், அதுக்கு தனி பில்ட் வேணும், டெபியன் உபுண்டுல அதுக்கு பேரு பிபிசி64இஎல், ரெட்ஹேட் பக்கம் பிபிசி64எல்இ, ரெண்டும் ஒண்ணுதான். வெறும் பிபிசி64-ன்னு போட்டிருந்தா எடுக்காதீங்க, அது பழைய பிக் எண்டியன், இன்னிக்கி அதுக்கு சாஃப்ட்வேர் கெடைக்கறது கஷ்டம்.

அடுத்தது எந்த டிஸ்ட்ரோ (டெபியன், உபுண்டு, ரெட்ஹேட் மாதிரி லினக்ஸ் வகை), எந்த வெர்ஷன். இங்கதான் நெறைய பேரு ரெண்டு நாள் மண்டைய ஒடச்சுக்கறாங்க. மெஷின் முன்னாடி இருக்க லேபிளைப் பாருங்க, 8247-22எல்-னு இருந்தா பவர்8. பவர்8-ல ரெட்ஹேட் 8 ஓடும், ரெட்ஹேட் 9 ஓடாது, ஏன்னா 9-ல இருந்து குறைஞ்சபட்சம் பவர்9 சிப் கேக்குது. ரெட்ஹேட்டை வெச்சு உருவான ஆல்மா, ராக்கி எல்லாம் அதே வழிதான். உபுண்டுவும் 22.04-ல இருந்து பவர்9-க்குன்னு கம்பைல் பண்ண ஆரம்பிச்சிட்டாங்க, 20.04 ஓடும் ஆனா அதோட சாதாரண சப்போர்ட் 2025-ல முடிஞ்சிருச்சு. டெபியன்தான் இன்னும் பவர்8-ஐக் கைவிடாம வெச்சிருக்கு, 2015-ல டெபியன் 8 வந்ததுல இருந்து பிபிசி64இஎல் அவங்க அதிகாரப்பூர்வ லிஸ்ட்ல இருக்கு. அதனால உங்களுக்கு என் சிபாரிசு டெபியன், ரெட்ஹேட் பழக்கம் உள்ள ஆளா இருந்தா ஆல்மா 8, அதுக்கு 2029 வரைக்கும் செக்யூரிட்டி அப்டேட் வரும். லேபிள்ல 9009-22ஏ-ன்னு இருந்துச்சுன்னா அது எஸ்922, பவர்9, அந்த மெஷின் வெச்சிருக்கவங்க ரெட்ஹேட் 9, உபுண்டு 22.04 எல்லாம் தைரியமா போடலாம்.

மானிட்டர் விஷயம். இந்த மெஷின்ல தனியா கிராஃபிக்ஸ் கார்டு போட்டிருந்தா தவிர படம் வராது. உள்ள எஃப்எஸ்பி-ன்னு ஒரு சின்ன சர்வீஸ் ப்ராசஸர் இருக்கு, பவர் வயரைச் சொருகினாலே அது முழிச்சுக்கும், மெயின் மெஷின் ஆஃப்ல இருந்தாலும் அது ஓடிக்கிட்டே இருக்கும். பின்னாடி ஹெச்எம்சி1, ஹெச்எம்சி2-ன்னு ரெண்டு நெட்வொர்க் போர்ட் இருக்கும். உங்க ரவுட்டர்ல சொருகாதீங்க, லேப்டாப்ல இருந்து நேரா ஹெச்எம்சி1-க்கு ஒரு கேபிள் போடுங்க, லேப்டாப்புக்கு 169.254.2.100, மாஸ்க் 255.255.255.0 குடுங்க, டிஹெச்சிபி-ல (நெட்வொர்க்ல தானா ஐபி வாங்குறது) எதுவும் கெடைக்கலன்னு எஃப்எஸ்பி விட்டுக்குடுக்க கொஞ்ச நிமிஷம் ஆகும், பொறுத்திருந்து பிரவுசர்ல ஹெச்டிடிபிஎஸ் போட்டு 169.254.2.147-க்கு போங்க. ஏஎஸ்எம்ஐ-ன்னு ஒரு லாகின் பக்கம் வரும், பேக்டரி செட்டிங்ல யூசர், பாஸ்வேர்ட் ரெண்டுமே அட்மின். பழைய ஓனர் மாத்திட்டு போயிருந்தா உள்ளே போக முடியாது, அப்போ மூடியைத் தொறந்து சர்வீஸ் ப்ராசஸர் கார்டுல இருக்க குட்டி டாகிள் சுவிட்சுகளைத் தள்ளி ரீசெட் பண்ணணும், ஐபிஎம் டாக்குமெண்ட்ல படத்தோட இருக்கு. இன்னும் வாங்காதவங்க யாராவது இதைப் படிச்சா, விக்கிறவங்ககிட்ட ஏஎஸ்எம்ஐ பாஸ்வேர்டை எழுதி வாங்கிட்டுத்தான் பணம் குடுங்க.

ஏஎஸ்எம்ஐ-க்குள்ள போனதும் ஹைப்பர்வைசர் (ஓஎஸ்-க்கு அடியில மெஷினை நடத்துற சாஃப்ட்வேர்) எந்த மோட்ல இருக்குன்னு பாருங்க. 'எல்' மெஷின்ல ரெண்டு வழி உண்டு, ஒண்ணு பவர்விஎம், இன்னொண்ணு ஓபல். பவர்விஎம்-ல ஹெச்எம்சி கன்சோல், பார்ட்டிஷன், லைசன்ஸ்னு கம்பெனிக்கான சங்கதி நெறைய இருக்கு, உங்களுக்கு அது தேவையே இல்ல. ஓபலுக்கு மாத்திடுங்க. மாத்தின பிறகு பெட்டிபூட்-னு ஒரு சிம்பிளான பூட் மெனு வரும், அதுவே ஒரு சின்ன லினக்ஸ்தான், யூஎஸ்பில இருக்க டெபியனைத் தானா கண்டுபிடிச்சு லிஸ்ட்ல காட்டும். மானிட்டர் இல்லாததால திரைக்குப் பதிலா ஐபிஎம்ஐ (நெட்வொர்க் வழியா சர்வரை இயக்குற முறை) பாஸ்வேர்ட் ஒண்ணை ஏஎஸ்எம்ஐ-ல செட் பண்ணிட்டு, லேப்டாப் லினக்ஸ்ல ஐபிஎம்ஐடூல் மூலமா சீரியல்-ஓவர்-லேன் திறந்தா முழு கன்சோலும் டெர்மினல்லயே கெடைக்கும். ஆன் பண்ணதும் உடனே எதிர்பாக்காதீங்க, மெமரி செக் எல்லாம் முடிஞ்சு மெனு வர பல நிமிஷம் ஆகும், செத்துப்போச்சுன்னு நெனச்சு ஆஃப் பண்ணிடாதீங்க. யாராவது பவர்விஎம்-லயே ஓட்டறதா இருந்தா இன்ஸ்டால் பண்ணும்போது பிரெப் பார்ட்டிஷன்னு ஒரு 8 எம்பி துண்டு கண்டிப்பா இருக்கணும், யூஇஎஃப்ஐ எல்லாம் இங்க கிடையாது, அந்தத் துண்டு இல்லன்னா இன்ஸ்டால் முடிஞ்சும் பூட் ஆகாது.

இப்போ டிஸ்க், இதைக் கொஞ்சம் நிதானமாப் படிங்க. சாதா டிஸ்க்ல ஒரு செக்டர் 512 பைட். ஐபிஎம் ரெய்டு அடாப்டருக்கு (பல டிஸ்க்கை ஒண்ணாக் கட்டுற கார்டு) போற டிஸ்க்கை 528 பைட்டுக்கு ஃபார்மேட் பண்ணிருப்பாங்க, கூட இருக்க 16 பைட்ல அடாப்டர் தன்னோட சரிபார்ப்புத் தகவலை எழுதும். புது 4கே டிஸ்க்னா 4096-க்கு பதிலா 4224. அந்த மாதிரி டிஸ்க்கை ரெய்டு கட்டாம விட்டா லினக்ஸ் இன்ஸ்டாலருக்கு அது டிஸ்க்காவே தெரியாது, உங்களுக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான். வழி என்னன்னா, மொதல்ல ஒரு வெளி யூஎஸ்பி ஹார்டு டிஸ்க்ல டெபியனைப் போட்டு பூட் பண்ணுங்க, அதுல ஐபிஆர்யுடில்ஸ் பேக்கேஜை (இந்த அடாப்டரைக் கையாளுற டூல்) ஏத்துங்க, ஐபிஆர்கான்ஃபிக்-னு ஓட்டினா பழைய காலத்து டெக்ஸ்ட் மெனு வரும், அதுல உள்ள டிஸ்க் எல்லாம் வரிசையா 'அட்வான்ஸ்டு ஃபங்ஷன்'னு நிக்கும். ஜேபாட்-க்கு (ரெய்டு இல்லாத தனித்தனி டிஸ்க்) ஃபார்மேட் பண்ணுங்கற ஆப்ஷனை எடுத்து ஒவ்வொண்ணா தேர்ந்தெடுத்து விடுங்க. பெரிய சுழல்ற டிஸ்க்னா மணிக்கணக்குல ஓடும். நடுவுல கரண்ட் போச்சுன்னா டிஸ்க் அரைகுறை ஃபார்மேட்ல நின்னுடும், பயந்துடாதீங்க, திரும்ப முதல்ல இருந்து விட்டா சரியாயிடும், ஆனா நேரம் வீண். ஜேபாட் ஆன பிறகு சாதா டிஸ்க் மாதிரி தெரியும், எம்டிஆட்ம்-ங்கற லினக்ஸ் ரெய்டு டூலை வெச்சு ரெண்டு ரெண்டா மிரர் போட்டுக்கோங்க.

அடாப்டரோட சொந்த ரெய்டையே பயன்படுத்தலாம்தான், 528-லயே ரெய்டு கட்டினா அந்த அரே லினக்ஸுக்கு ஒரு டிஸ்க்காத் தெரியும். ஆனா உங்க நெலமையில நான் அதை வேண்டாம்னு சொல்வேன். அடாப்டர் செத்தா அந்த டிஸ்க்கைப் படிக்க இன்னொரு ஐபிஎம் அடாப்டர் தேடணும், ஜேபாட் டிஸ்க்கை எந்த எஸ்ஏஎஸ் கார்டுலயும் சொருகிப் படிச்சுடலாம். ஐபிஎம் பவர்8 மெஷின்களுக்கு சாதாரண சர்வீஸை 2024-ல முடிச்சிட்டாங்க, இனிமே உதிரி எல்லாம் பழைய சாமான் கடைதான், அதனால ஐபிஎம் பார்ட்டை நம்பியிருக்க எடங்களை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைங்க. ஃபர்ம்வேருக்கும் ஒரு சிக்கல் இருக்கு, பவர்8-ல இருந்து அப்டேட் அக்சஸ் கீ-ன்னு ஒண்ணு கேக்கும், அது காலாவதி ஆயிருந்தா அந்தத் தேதிக்கு அப்புறம் வந்த ஃபர்ம்வேர் ஏறாது. 2018-ல ஸ்பெக்டர், மெல்ட்டவுன் ஓட்டைகள் வெளிய வந்தப்ப பவர் சிப்புக்கும் கெர்னல், ஃபர்ம்வேர் ரெண்டுலயும் திருத்தம் வந்துச்சு, உங்க ஃபர்ம்வேர் அதுக்கு முந்தினதா இருந்தா பொது இண்டர்நெட்ல நேரா வெக்காதீங்க.

சாஃப்ட்வேர் பக்கம் உங்களுக்குப் பிரச்சினை குறைவு. போஸ்ட்கிரஸ், மரியாடிபி, என்ஜின்எக்ஸ், பிஹெச்பி, பைத்தான், ஓபன்ஜேடிகே எல்லாம் டெபியன்ல ரெடியா இருக்கு, மூடுல் பிஹெச்பி-ங்கறதால அப்படியே ஓடும். டாக்கர்ல (ரெடிமேட் இமேஜா சாஃப்ட்வேரை இழுத்து ஓட்டுற டூல்) மட்டும் கவனம், இமேஜை இழுக்கறதுக்கு முன்னாடி பிபிசி64எல்இ-க்கு இருக்கான்னு மேனிஃபெஸ்ட்டைப் பாருங்க, இல்லாத இமேஜ் நெறைய. கணக்கு எழுதுற விண்டோஸ் ப்ரோகிராம், மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வர் இதெல்லாம் இந்த மெஷின்ல நடக்காது, எமுலேஷன்ல ஓட்டலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, ஆமை வேகம்தான். இன்னொண்ணு, உங்களோடது 20 கோர் மெஷினா இருந்தா, உள்ள போய் எல்எஸ்சிபியு அடிச்சா 160 சிபியுன்னு காட்டும், கோருக்கு 8 த்ரெட். அதைப் பாத்து பூரிச்சுப் போயிடாதீங்க, சிபியு எண்ணிக்கையைப் பாத்து வொர்க்கர் கிளப்புற ப்ரோகிராம் எல்லாம் 160 வொர்க்கர் கிளப்பி மெமரியைத் தின்னுடும். பிபிசி64-சிபியு கமாண்டால எஸ்எம்டி-யை (கோருக்கு எத்தனை த்ரெட்ங்கறதை) 2-க்கோ 4-க்கோ இறக்குங்க. கேவிஎம்-ல விர்ச்சுவல் மெஷின் ஓட்டறதா இருந்தா பவர்8 ஹோஸ்ட்ல எஸ்எம்டி-யை முழுசாவே ஆஃப் பண்ணணும், இல்லன்னா கெஸ்ட் கிளம்பாது. அப்புறம் ரசீது பிடிஎஃப்-ல தமிழ் எழுத்துக்குப் பதிலா கட்டம் கட்டமா வந்தா சர்வர்ல தமிழ் ஃபாண்ட் இல்லன்னு அர்த்தம், நோட்டோ ஃபாண்ட் பேக்கேஜைப் போடுங்க.

இனி காசு போடலாமாங்கற கேள்வி, அதுக்குப் பதில் கரண்டுலதான் இருக்கு. இந்த மெஷினோட பவர் சப்ளை 200-ல இருந்து 240 வோல்ட் கேக்கும், நம்ம ஊரு 230, அதுல குறையில்ல. ஆனா ஓடும்போது சுமார் 500 வாட் இழுக்குதுன்னு வெச்சுக்கிட்டா நாளைக்கு 12 யூனிட், மாசத்துக்கு 360 யூனிட், வருஷம் முழுக்க கோயில் அதைக் கட்டணும். உங்க மெஷின் நெசமா எவ்வளவு இழுக்குதுன்னு ஒரு பிளக் மீட்டர் வாங்கிப் போட்டு ஒரு வாரம் பாருங்க, டிரஸ்ட் மீட்டிங்ல அந்த நம்பரைத்தான் வெக்கணும்.

லோட்-ஷெட்டிங், அதாவது முறை வெச்சு பண்ற கரண்ட் கட், 2024 மார்ச் கடைசில நின்னுச்சு, 2025 ஆரம்பத்துல திரும்ப ஸ்டேஜ் 6 வரைக்கும் போச்சு, அதனால இனிமே வராதுன்னு நம்பி எதையும் கட்டாதீங்க, அது இல்லன்னாலும் கேபிள் திருட்டு, டிரான்ஸ்ஃபார்மர் கோளாறுன்னு கரண்ட் போறது நம்ம ஏரியாவுல புதுசில்ல. ரெண்டரை மணி நேரம் தாக்குப்பிடிக்க 500 வாட்டுக்கு 1.25 யூனிட், இன்வெர்ட்டர் இழப்பெல்லாம் சேத்தாலும் 5 யூனிட் லித்தியம் பேட்டரி ஒண்ணு தாராளம். சுத்தமான சைன் வேவ் குடுக்கற இன்வெர்ட்டரா இருக்கணும். ரெண்டு பவர் சப்ளையில ஒண்ணை யூபிஎஸ்ல, இன்னொண்ணை சர்ஜ் ப்ரொடெக்டர் வழியா மெயின்ஸ்ல சொருகுங்க, ஆனா மெயின்ஸ் போனா முழு லோடும் யூபிஎஸ் மேல விழும், அதைக் கணக்கு வெச்சு யூபிஎஸ் வாங்குங்க. நட்-னு ஒரு சாஃப்ட்வேர் டெபியன்ல இருக்கு, யூபிஎஸ் யூஎஸ்பி-யை இதுல சொருகி, பேட்டரி கீழ இறங்கினதும் மெஷின் தானா ஒழுங்கா ஷட்டவுன் ஆகற மாதிரி செட் பண்ணுங்க. ஏஎஸ்எம்ஐ-ல கரண்ட் வந்ததும் தானா ஆன் ஆகுற ஆப்ஷன் ஒண்ணு இருக்கு, அதை ஆஃப்ல வைங்க, பேட்டரி காலியா இருக்கும்போது மெஷின் கிளம்பி அடுத்த கட்ல திரும்ப விழுந்தா டேட்டாபேஸுக்குத்தான் அடி. எர்த் லீக்கேஜ் 30 மில்லிஆம்ப்ல டிரிப் ஆகும், சர்வர் சப்ளை ஒவ்வொண்ணும் கொஞ்சம் லீக் பண்ணும், அதே சர்க்யூட்ல கோயில் ஃப்ரிட்ஜ், கெய்சர்னு போட்டா அடிக்கடி தட்டும், எலக்ட்ரீஷியனைக் கூப்ட்டு டிபி போர்டுல தனி சர்க்யூட் போட்டு சிஓசி (வயரிங் சரியா இருக்குன்னு குடுக்கற சான்றிதழ்) வாங்கிக்கோங்க.

சத்தத்தையும் யோசிங்க, ஃபேன் போடுற சத்தத்துல வகுப்பு நடத்த முடியாது, தனி ரூம் வேணும், டர்பன் ஈரக்காத்துக்கு அந்த ரூம்ல ஏசி இல்லாம வெக்கவே வெக்காதீங்க.

என் யோசனை இது தம்பி: ஏற்கனவே வாங்கியாச்சு, தூக்கிப் போட வேண்டாம். டெபியன் போட்டு, வகுப்புப் பசங்களுக்கு சர்வர் வேலை கத்துக்குடுக்கவும், மூடுலுக்கும் ஓட்டுங்க, தேவைப்படாத நாள்ல ஆஃப் பண்ணி வைங்க. உறுப்பினர் பதிவும் காவடிப் பட்டியலும் மட்டும் ஒரு சின்ன சாதா பிசில இருக்கட்டும், 30 வாட்ல ஓடும், பார்ட் எந்தக் கடையிலயும் கெடைக்கும். வேற யாராவது இதே ஆசையில பழைய ஐடேனியம் (இன்டெல் முன்னாடி விட்ட சர்வர் சிப்) சர்வர் பாத்துட்டிருந்தா அதை விட்ருங்க, 2024 ஜனவரில வந்த 6.7 கெர்னல்ல இருந்து ஐடேனியம் சப்போர்ட்டையே எடுத்துட்டாங்க.

பேக்கப் எடுக்கும்போது போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸோட டேட்டா ஃபோல்டரை அப்படியே காப்பி பண்ணாதீங்க, பவர்ல எழுதின ஃபோல்டரை இன்டெல் மெஷின்ல வெச்சு ஓட்டலாம்னு நம்பக்கூடாது. பிஜி-டம்ப்-ங்கற கமாண்டால டேட்டாவைத் தனி ஃபைலா எடுத்து, அதை ஒரு சாதா லேப்டாப்ல திரும்ப ஏத்தி, ரெண்டு உறுப்பினர் பேரைத் தேடிப் பாருங்க. டம்ப் ஏறலன்னா வர்ற எர்ரர் மெசேஜையும் உங்க ஏஎஸ்எம்ஐ-ல இருக்க ஃபர்ம்வேர் வெர்ஷனையும் அனுப்புங்க, பாத்துச் சொல்றேன்.