வெள்ளை ஃபில்லிங்: மலையக வாசகர்களின் கேள்விகளும் பல் வைத்தியரின் பதில்களும்

பல்லின் நிறத்திலேயே போடப்படும் அடைப்பைப் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு, மலையகத்தில் பணிபுரியும் பல் வைத்தியர் ஒருவர் பதிலளிக்கிறார்.

அம்மா தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். அவருடைய கடைவாய்ப் பல்லுக்கு அரசாங்க வைத்தியசாலையில் வெள்ளி அடைப்பு போதும் என்றார்கள். டவுனில் உள்ள தனியார் கிளினிக்கில் வெள்ளைதான் நல்லது என்கிறார்கள். எதை நம்புவது, டொக்டர்? (தலவாக்கலை)

இரு தரப்பினர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, மகள். வெள்ளி அடைப்பு எனப்படும் அமல்கமில் ஏறக்குறைய பாதி பாதரசம். மீதி பெரும்பாலும் வெள்ளி, வெள்ளீயம், செம்பு. அது எச்சிலின் ஈரத்தை ஓரளவு பொறுத்துக்கொள்ளும், கடைவாயின் அழுத்தத்தையும் பல வருடங்கள் தாங்கும். ஆனால் அது பல்லோடு ஒட்டாது. ஆகவே கழன்று விழாமலிருக்க நல்ல பல்லிலும் கொஞ்சத்தை வெட்ட வேண்டியிருக்கிறது. வெள்ளை அடைப்பான கொம்போசிட், பிசினும் நுண்ணிய கண்ணாடித் துகள்களும் கலந்த பொருள். அது பல்லோடு ஒட்டிக்கொள்வதால் சொத்தையை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை அப்படியே விட்டுவிடலாம்.

ஆனால் போடும் நேரத்தில் குழி உலர்ந்திருக்காவிட்டால் எந்த விலையுயர்ந்த கொம்போசிட்டும் நிலைக்காது. சொத்தை ஈறுக்குக் கீழே இறங்கி, தொட்டவுடன் இரத்தம் கசிகிற நிலையில் இருந்தால் நான் வெள்ளையை வற்புறுத்துவதில்லை. எனவே நிறத்தை விட்டுவிட்டு, "இந்தக் குழியை ஈரமில்லாமல் வைத்திருக்க முடியுமா?" என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

வாயில் ஏற்கெனவே மூன்று வெள்ளி அடைப்புகள் உள்ளன. பாதரசம் என்பதால் எல்லாவற்றையும் எடுத்துவிடலாமா? (பண்டாரவளை)

ஓரம் உடையாமலும் அடியில் புதிய சொத்தை இல்லாமலும் இருந்தால் எடுக்க வேண்டாம். குடைந்து எடுக்கும்போதுதான் பாதரச ஆவி கூடுதலாக வெளிப்படுகிறது, நல்ல பல்லும் வீணாகத் தேய்கிறது. 2013இல் நாடுகள் ஏற்றுக்கொண்ட மினமாட்டா உடன்படிக்கை அமல்கமைக் குறைக்கச் சொல்வதற்கு முதன்மைக் காரணம், பாதரசம் மண்ணிலும் நீரிலும் சேர்வதுதான். பால் பற்களுக்கும், 15 வயதுக்குக் குறைந்தோருக்கும், கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மாருக்கும், வைத்தியர் அவசியமெனக் கருதினாலன்றி, புதிதாக அமல்கம் போடக்கூடாது என்று 2022இல் அதில் சேர்க்கப்பட்டது.

ஒரு சின்னக் குழிக்கு முக்கால் மணித்தியாலம் வாயைத் திறந்து வைத்திருக்கச் சொன்னார்கள். ஏன் அவ்வளவு நேரம்? (ஹட்டன்)

அந்த நேரத்தில்தான் அடைப்பின் ஆயுள் தீர்மானிக்கப்படுகிறது. சொத்தையை எடுத்த பிறகு பொஸ்பரிக் அமிலக் களிம்பைச் சில விநாடிகள் தடவிக் கழுவுகிறோம். உலர்த்தியதும் எனாமல் சுண்ணாம்புக் கட்டியைப் போல மங்கிய வெண்மையாகத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சொரசொரப்பில்தான் ஒட்டுப்பசை ஊடுருவிப் பிடிக்கிறது. அமிலத்தால் பசையைப் பிடிக்கவைக்கும் இந்த முறையை 1955இல் புவோனகோர் என்ற ஆய்வாளர் வெளியிட்டார். அதன் மேல் கொம்போசிட்டை ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் படைகளாக வைத்து, ஒவ்வொன்றையும் நீல ஒளியால் இறுகச் செய்கிறோம். இறுகும்போது அது சற்றுச் சுருங்கும். மொத்தமாகத் திணித்தால் அந்தச் சுருக்கம் பல்லின் ஓரத்திலிருந்து அடைப்பைப் பிரித்துவிடும், ஒளியும் அடிவரை போகாது. சற்றுத் தடித்த படையாக வைக்கக்கூடிய வகைகள் இப்போது வந்திருந்தாலும், எச்சில் படாமல் காக்கும் அவசியம் மாறவில்லை. எச்சிலை உறிஞ்ச வைத்த பஞ்சை மாற்ற வைத்தியர் கை நீட்டும் சமயத்தில் வாயை மூடிவிடாதீர்கள்; அந்தக் கணத்தில் எச்சில் பட்டால் முன்பு செய்ததைத் திரும்பச் செய்ய வேண்டிவரும்.

அடைத்து ஒரு வாரமாகிறது. காலையில் பச்சைத் தண்ணீரில் வாய் கொப்பளித்தால் சுரீரென்கிறது. அடைப்பு பிழையாகிவிட்டதா? (நுவரெலியா)

ஆழமான குழியென்றால் சில நாட்கள் முதல் இரண்டு வாரம் வரை இப்படிக் கூசுவது வழக்கம். நாளுக்கு நாள் குறைகிறதா என்று கவனியுங்கள். நுவரெலியாவின் விடியற்காலைத் தண்ணீருக்கு நல்ல பல்லும் கூசும் என்பதால், சில நாட்கள் இளஞ்சூட்டு நீரைப் பாவியுங்கள். கடிக்கும்போது மட்டும் வலித்தால் அடைப்பு சற்று உயரமாக இருக்கக்கூடும். விறைப்பு ஊசி போட்ட வாயால் சரியாகக் கடித்துக் காட்ட முடியாது. அதனால் கடி படும் இடத்தைக் காட்டும் வண்ணத்தாளை வைத்துப் பார்த்தாலும் சிலவேளை தப்பிவிடுகிறது. திரும்பப் போனால் சில நிமிடங்களில் தேய்த்துச் சரிசெய்வார்கள். பொறுத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

வெறுந்தேத்தண்ணியும் வெற்றிலையும் இல்லாமல் எங்களுக்கு நாள் போகாது. நிறம் மாறுமா? (மஸ்கெலியா)

மாறும். முதல் இரண்டு நாட்களாவது இரண்டையும் தவிர்ப்பது நல்லது. மேற்பரப்பில் படியும் சாயக்கறையைப் பெரும்பாலும் மெருகூட்டி எடுக்கலாம். ஆனால் ஓரத்தில் கோடு போலக் கறுத்தால் உள்ளே கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தேத்தண்ணியைவிட அதோடு நாள் முழுக்கச் சேரும் சீனிக்குத்தான் நான் அஞ்சுகிறேன், ஏனெனில் வெள்ளை அடைப்புகள் பழுதாவதற்கு ஓரத்தில் மீண்டும் வரும் சொத்தை ஒரு முக்கிய காரணம். இரவில் புளோரைட்டுப் பற்பசையால் துலக்கிவிட்டு அதன்பின் எதையும் சாப்பிடாதீர்கள். வெற்றிலையைப் பற்றி வைத்தியராக ஒன்றைச் சொல்லாமலிருக்க முடியாது: பாக்கும் புகையிலையும் வாய்ப் புற்றுநோயை உண்டாக்குகின்றன. இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ இருந்தால், அடைப்பை விட்டுவிட்டு முதலில் அதைக் காட்டுங்கள்.

வலிக்குக் கராம்பு எண்ணெய் வைத்துக்கொண்டு போகலாமா? (மாத்தளை)

வைத்திருந்தால் வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கராம்பிலுள்ள யூஜினோல் என்ற பொருள் கொம்போசிட் பிசின் இறுகுவதைத் தடுக்கும். அதே பொருள் சில தற்காலிக அடைப்புகளிலும் இருப்பதால், முன்பு வேறிடத்தில் தற்காலிகமாக அடைத்திருந்தாலும் தெரியப்படுத்துங்கள்.

ஆறு வயது மகளுக்குப் பாடசாலைப் பல் சிகிச்சை நிலையத்தில் வெள்ளையாக ஏதோ வைத்தார்கள். ஒளி எதுவும் காட்டவில்லையே? (ஹாலிஎல)

அது பெரும்பாலும் கிளாஸ் அயனோமராக இருக்கும். பல்லோடு வேதியியல் முறையில் தானே பிணைந்து இறுகும், புளோரைட்டையும் வெளிவிடும். கொம்போசிட்டைவிடச் சீக்கிரம் தேயும். அசையாமல் உட்கார முடியாத பிள்ளையின் பால் பல்லுக்கு அது பொருத்தமான தெரிவு.

இரவில் பல் தானாகவே குத்துகிறது. வெள்ளை ஃபில்லிங் போட்டால் சரியாகுமா, அல்லது பிடுங்கிவிடவா? (அக்கரப்பத்தனை)

தூக்கத்தைக் கலைக்கும் வலி என்றால் பெரும்பாலும் சொத்தை நரம்பை எட்டிவிட்டது. மேலே அடைத்துவிட்டால் வலி உள்ளேயே கூடும். வேர்ச் சிகிச்சையால் பல்லைக் காப்பாற்ற முடியுமா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். லயத்திலிருந்து டவுனுக்குப் போய்வர ஒரு நாள் சம்பளம் போகும் என்பதால் ஒரே தடவையில் பிடுங்கிவிட்டு வரும் பலரை நான் அறிவேன். அந்த நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஆனாலும் மென்று சாப்பிட உதவும் கடைவாய்ப் பல்லை அவசரத்தில் இழக்க வேண்டாம். அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையின் பல் பிரிவில் காட்டி, அங்கே வேர்ச் சிகிச்சை செய்ய இயலாவிட்டால் பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் தரும்படி கேளுங்கள். அதற்கிடையில் முகம் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, வாயைத் திறக்கவோ விழுங்கவோ சிரமமானாலோ கிளினிக் நாளுக்குக் காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள்.