630001 பகா எண்ணா? (மகளின் செயல்திட்டம்)

அண்ணே, காரைக்குடி பின்கோடு 630001-ஐ 61 வரைக்கும் வகுத்துப் பார்த்துட்டு, மீதியில்லாம எதுவும் போகலைன்னு பாப்பா 'பகா எண்'ணுன்னு எழுதிட்டதாச் சொல்றீங்க. கரெக்டா ஒரு படி முன்னாடி நின்னுட்டா! அடுத்த பகா எண் 67. அதை 9400-ஆல பெருக்கினா 629800. மிச்சம் 201, அது மூணு 67. ஆக 630001 = 67 × 9403.

எங்க நிறுத்தணுங்கிறதுதான் விஷயமே. பகா எண்ணா இல்லாத எண்ணுக்கு அதோட வர்க்கமூலத்துக்குள்ளயே ஒரு பகாக் காரணி இருந்தாகணும். 630001-ஓட வர்க்கமூலம் 793-ஐக் கொஞ்சம் தாண்டுது, அதனால 793 வரை உள்ள 138 பகா எண்களையும் பார்த்தாகணும். 67-லயே மாட்டினது அதிர்ஷ்டம். 9403-க்கு 96 வரை பார்த்தாப் போதும். அது பகா எண்தான்.

சார்ட்ல இன்னும் எழுதலாம். 630001-க்கு வகுத்திகள் நாலு: 1, 67, 9403, அப்புறம் அதே எண். தன்னை விட்டுட்டு மத்த மூணையும் கூட்டினா 9471 தான் வருது, அந்த எண்ணை விடக் குறைவு, அதனால அது 'குறை எண்'. ரெண்டு வர்க்கங்களோட கூடுதலாவும் எழுத முடியாது: 4-ஆல வகுத்தா மீதி 3 வர்ற பகாக் காரணி ஒற்றைப்படைத் தடவை வந்தா அப்படி எழுத முடியாது; 67-ஐ 4-ஆல வகுத்தா மீதி 3, அந்தக் காரணி ஒரே தடவைதான் வருது. (எனக்குப் பிடிச்சது இதுதான், ஆனா எட்டாம் வகுப்புக்குக் கொஞ்சம் ஓவர்.)

அழகப்பா பல்கலைக்கழகத்தோட 630003-ஐயும் பக்கத்துல போடச் சொல்லுங்க. அதுக்கு மல்லுக்கட்டவே வேண்டாம். இலக்கங்களைக் கூட்டினா 12, மூணால போயிடும்.