வாக்குச்சீட்டில் முகமறியாத பெயர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

டெக்சாஸில், ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டியில் பதினாறு ஆண்டுகளாக வசிக்கிறேன். ஊர் திருச்செங்கோடு. குடியுரிமை பெற்றபின் 2024 நவம்பரில்தான் முதன்முறையாக இங்கே வாக்களிக்கப் போனேன். அதிபர், செனட்டர் வரை எனக்குத் தயக்கமே இல்லை. அதற்குப் பிறகு ஷெரிஃப், வரி அலுவலர், கான்ஸ்டபிள் என்று தொடங்கித் திரையில் பக்கம் பக்கமாக நீதிபதிகள் வந்தார்கள். ஒருவரையும் தெரியவில்லை. கைபேசியில் தேடலாம் என்று சட்டைப்பையில் கை வைத்தேன். சாவடியில் இருந்த அம்மையார் ஒருவர், இங்கே கைபேசியை எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். கட்சியைப் பார்த்தும், சில இடங்களில் பெயர் காதுக்கு நன்றாக இருந்ததைப் பார்த்தும் அழுத்திவிட்டு வந்தேன். வெளியே வந்தபோது வெட்கமாக இருந்தது.

நம்மூரில் மாவட்ட ஆட்சியரையும் நீதிபதியையும் யாரும் வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. இங்கே இருக்கும் முறையை மக்களாட்சியின் உச்சம் என்பதா, கூத்து என்பதா? தெரியாத பதவிகளுக்கு வாக்களிக்காமல் விட்டுவிட்டால் அது பொறுப்பின்மை ஆகுமா?

எஸ்., கேட்டி

அன்புள்ள எஸ்.,

ஹூஸ்டன் பக்கம் மகள் வீட்டில் சில மாதங்கள் தங்கியிருந்தபோது, தெருமுனைப் புல்தரையில் வரிசையாகக் குத்தி வைத்திருந்த பெயர்ப்பலகைகளைப் பார்த்து எனக்கும் உங்கள் குழப்பம் வந்தது. நம் காதுக்கு அந்தப் பதவிப் பெயர்களே தவறான வழியைக் காட்டுகின்றன. நம்மூரில் கான்ஸ்டபிள் என்றால் காவல்துறையின் கடைசிப் படியில் நிற்பவர். டெக்சாஸில் அவர் தமக்குக் கீழே துணை அலுவலர்களை வைத்துக்கொண்டு, நீதிமன்ற ஆணைகளைக் கொண்டுசேர்க்கவும் நிறைவேற்றவும் செய்கிற, மக்கள் தேர்ந்தெடுத்த அதிகாரி. சென்னைக்கும் ஒரு காலத்தில் ஷெரிஃப் இருந்தார், ஆனால் அது மாலை போட்டுக்கொள்வதற்கான அலங்காரப் பதவி. டெக்சாஸில் ஷெரிஃபின் கையில் சிறைச்சாலையே இருக்கிறது. எல்லாவற்றிலும் பெரிய ஏமாற்று ‘கவுன்ட்டி ஜட்ஜ்’ என்ற பெயர் (கவுன்ட்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி). பெரிய கவுன்ட்டிகளில் அவர் வழக்கு விசாரிப்பதே அரிது. நான்கு கமிஷனர்களோடு சேர்ந்து ஐந்து பேராக உட்கார்ந்து, சாலைக்கும் சிறைக்கும் வெள்ளத் தடுப்புக்கும் பணம் ஒதுக்குகிற நிர்வாகத் தலைவர் அவர். அந்த ஐவர் அவைக்கும் ‘கமிஷனர்ஸ் கோர்ட்’ என்றுதான் பெயர். அவர் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. மாநிலத்தின் சட்டத்தை நன்கு அறிந்தவராக இருந்தால் போதும் என்கிறது அரசியலமைப்பு. டெக்சாஸின் 254 கவுன்ட்டிகளுக்கும் சட்டகம் ஒன்றே. 2020 கணக்கெடுப்பில் 64 பேர் வசித்த லவிங் கவுன்ட்டிக்கும், 47 லட்சம் பேர் வசித்த உங்கள் ஹாரிஸ் கவுன்ட்டிக்கும் ஒரு ஜட்ஜ், நான்கு கமிஷனர்கள்தாம்.

உங்கள் கேள்விக்கு ஒரே பதில் சொல்ல முடியாமல் இருப்பதற்குக் காரணம், அந்தச் சீட்டில் இரண்டு வெவ்வேறு கேள்விகள் ஒரே எழுத்தில், ஒரே வரிசையில் அச்சாகியிருப்பதுதான். வேலையை யார் செய்வது என்பது ஒரு கேள்வி. வழக்கை யார் தீர்ப்பது என்பது இன்னொன்று. முதல் கேள்வியை மக்களிடம் கேட்பது சரி என்றே நான் நினைக்கிறேன். 2017இல் ஹார்வி புயலின்போது உங்கள் பகுதியில் நீர்த்தேக்கங்களின் ஓரத்து வீடுகள் மூழ்கியதை நீங்கள் கண்ணால் பார்த்திருப்பீர்கள். ஓராண்டு கழித்து, 2018 ஆகஸ்டில், வெள்ளத் தடுப்புப் பணிகளுக்காக 250 கோடி டாலர் கடன் பத்திரம் வெளியிடலாமா என்று ஹாரிஸ் கவுன்ட்டி தன் மக்களைக் கேட்டது, பெரும்பான்மையினர் சம்மதித்தார்கள். அந்தப் பணம் எந்த ஓடையை அகலப்படுத்தப் போயிற்று, எது விடுபட்டது என்பதைத் தெருவில் குடியிருப்பவர் அறிவார். செய்தவரை வைத்துக்கொள்ளவும் செய்யாதவரை வீட்டுக்கு அனுப்பவும் அவருக்கு ஒரு கருவி வேண்டும். ஒரு மாவட்ட ஆட்சியர் நல்லவராக அமைந்தால் நம் அதிர்ஷ்டம், மாற்றலாகிப் போனால் நம் தலையெழுத்து என்று இருந்து பழகிய நமக்கு, இது எளிதில் கைவிடக்கூடிய உரிமையாகத் தெரியவில்லை.

நீதிபதியிடம் நாம் எதிர்பார்ப்பது இதற்கு நேர்மாறானது. தெருவே ஒன்று சொன்னாலும் கோப்பில் இருப்பது வேறாக இருந்தால், அவர் கோப்பின்படி தீர்ப்பளிக்க வேண்டும். அப்படிப்பட்டவரை அதே தெருவிடம், அதுவும் கட்சிப் பெயரைப் பக்கத்தில் அச்சிட்டு, வாக்குக் கேட்கச் செய்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 2006இல் டாலஸ் கவுன்ட்டியில் காற்று திரும்பியபோது, போட்டியிருந்த 42 நீதிபதி இடங்களையும் ஜனநாயகக் கட்சி வென்றது. 2018இல் ஹாரிஸில் 59 இடங்களும் அவ்வாறே போயின. தோற்றவர்கள் எல்லோரும் மோசமான நீதிபதிகள் என்றோ, வென்றவர்கள் எல்லோரும் தகுதியற்றவர்கள் என்றோ சொல்ல வரவில்லை. வென்றவர்களில் 17 பேர் கறுப்பினப் பெண்கள் என்பது அந்த நீதிமன்றங்களின் வரலாற்றில் பெரிய திருப்பம். ஆனால் எவரையும் தனித்தனியே எடைபோட்டு 59க்கு 59 என்ற முடிவு வராது. அதே நாளில், ஹார்வி காலத்துப் பணிக்காக எதிர்க்கட்சியினரும் பாராட்டிய கவுன்ட்டி ஜட்ஜ் எட் எம்மெட், அதுவரை எந்தத் தேர்ந்தெடுக்கப்பட்ட பதவியும் வகிக்காத 27 வயது லினா ஹிடால்கோவிடம் இருபதாயிரத்துக்கும் குறைவான வாக்குகளில் தோற்றார். ஒரே பொத்தானில் கட்சி முழுவதற்கும் வாக்களிக்கும் வசதி அப்போது இருந்தது. 2020 தேர்தலிலிருந்து டெக்சாஸ் அதை எடுத்துவிட்டது. நீங்கள் பக்கம் பக்கமாக அழுத்திக்கொண்டு நின்றது அதனால்தான்.

பெயரின் ஓசையைப் பார்த்து வாக்களித்ததற்காக வெட்கப்பட்டேன் என்கிறீர்கள். உங்களுக்கு முன்னால் ஒரு மாநிலமே அப்படி வாக்களித்திருக்கிறது. 1976இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றத்தின் ஓர் இடத்துக்கு, ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் யார் என்று வாக்காளர்களே முடிவு செய்யும் முதற்கட்டத் தேர்தலில், சார்ல்ஸ் பாரோ என்ற அனுபவமுள்ள மேல்முறையீட்டு நீதிபதி நின்றார். வழக்கறிஞர் வட்டாரம் அவர் பக்கம் இருந்தது. எதிரே டான் யார்ப்ரோ என்ற, வெளியில் பெயர் தெரியாத ஹூஸ்டன் வழக்கறிஞர். டெக்சாஸ் மக்களுக்கு நன்றாகத் தெரிந்த யார்பரோக்கள் இருவர் இருந்தார்கள்: நெடுங்காலம் செனட்டராக இருந்த ரால்ஃப் யார்பரோ, ஆளுநர் பதவிக்குப் பலமுறை போட்டியிட்ட டான் யார்பரோ. ஆங்கிலத்தில் எழுதினால் ஓர் எழுத்துதான் வேறுபாடு. யார்ப்ரோ வென்றார். பதவியேற்று ஏறத்தாழ ஆறு மாதத்தில் குற்றச்சாட்டுகளுக்கு நடுவே விலகினார். பொய்ச்சாட்சி சொன்ன குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டு, பின்னர் கிரெனடா தீவுக்குத் தப்பியோடினார். அந்த வாக்காளர்களை முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. தெரிந்த பெயரைப் பிடித்துக்கொள்வதைத் தவிர அவர்கள் கையில் வேறு என்ன கொடுக்கப்பட்டிருந்தது?

பணத்தின் கதை இன்னும் கசப்பானது. மேற்கு வர்ஜீனியாவில் மாஸி என்ற நிலக்கரி நிறுவனத்துக்கு எதிராக ஐந்து கோடி டாலர் இழப்பீட்டுத் தீர்ப்பு வந்திருந்தது. மேல்முறையீடு போகவிருந்த நிலையில், 2004இல், அந்த மாநில உச்ச நீதிமன்றத் தேர்தலில் ப்ரெண்ட் பெஞ்சமின் வெல்வதற்காக அந்நிறுவனத்தின் தலைவர் சுமார் முப்பது லட்சம் டாலர் செலவிட்டார். பெஞ்சமின் வென்றார், வழக்கிலிருந்து விலக மறுத்தார், தீர்ப்பு மூன்றுக்கு இரண்டு என்று நிறுவனத்துக்குச் சாதகமாக மாறியது. அவர் விலகியிருக்க வேண்டும் என்று 2009இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. அதையும் ஐந்துக்கு நான்கு என்றுதான் சொன்னது. 2025இல் விஸ்கான்சின் உச்ச நீதிமன்றத்தின் ஒரே ஓர் இடத்துக்குப் பத்துக் கோடி டாலர் அளவுக்குப் பணம் கொட்டியது. டெக்சாஸிலோ, நீதிபதி வேட்பாளருக்கு நன்கொடை தருவோரில் அவர் முன்னால் நாளை வாதாடப்போகும் வழக்கறிஞர்களே இருப்பது அன்றாட நடைமுறை. அந்த மாநிலத்தின் தலைமை நீதிபதிகளாக இருந்த டாம் ஃபிலிப்ஸ், வாலஸ் ஜெஃபர்சன், நேதன் ஹெக்ட் ஆகிய மூவருமே, இந்த முறையில் வென்று வந்தவர்களாயினும், கட்சி அடிப்படையில் நீதிபதிகளைத் தேர்ந்தெடுப்பதைக் கைவிடுங்கள் என்று கேட்டவர்கள்.

அப்படியானால் நம் நாட்டு முறையே மேல் என்று நான் முடிப்பேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். அவ்வளவு சுலபமாக முடிக்க முடியவில்லை. 1832இல் மிசிசிப்பியும் 1846இல் நியூயார்க்கும் நீதிபதிகளைத் தேர்தலுக்கு விட்டதே, ஆளுநர்களும் சட்டமன்றங்களும் அந்தப் பதவிகளைத் தம் ஆட்களுக்குப் பங்கு போட்டுக்கொண்ட பழக்கத்தை உடைப்பதற்காகத்தான். மருந்தாக வந்ததுதான் இன்று நோயாகத் தெரிகிறது. இங்கே நாங்கள் உயர் நீதிமன்ற நீதிபதிகளை நீதிபதிகளே மூடிய அறையில் தெரிவு செய்யும் கொலீஜியத்தை வைத்துக்கொண்டு, அதற்கு மாற்றாக வந்த ஆணையத்தை 2015இல் உச்ச நீதிமன்றமே ரத்து செய்ததையும் பார்த்துவிட்டு, உங்களுக்குப் பாடம் எடுக்கும் தகுதியில் இல்லை. 1940இல் மிசௌரி கண்ட வழி எனக்குச் சற்று உவப்பானது. ஒரு குழு பெயர்களைப் பரிந்துரைக்கிறது, ஆளுநர் அவற்றிலிருந்து ஒருவரை நியமிக்கிறார், சில காலம் கழித்து அவர் தொடரலாமா கூடாதா என்று மட்டும் மக்களைக் கேட்கிறார்கள். அதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை: தன்பாலினத் திருமணத்தை அனுமதித்த தீர்ப்புக்காக 2010இல் அயோவா மக்கள் மூன்று நீதிபதிகளை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனாலும் முகமறியாத இருவரில் ஒருவரை எடு என்று சொல்வதைவிட, பணியைப் பார்த்த பிறகு கேட்கப்படும் கேள்வி நேர்மையானது.

உங்கள் நடைமுறைக் கேள்விக்கு வருகிறேன். வெற்றிடமாக விடுவது பொறுப்பின்மை ஆகாது. விட்ட இடங்களால் மற்ற இடங்களில் போட்ட வாக்கு செல்லாமல் போவதும் இல்லை. ஆனால் எல்லா நீதிபதி இடங்களையும் விட்டுவிடாதீர்கள். குறிப்பாக, ‘ஜேபி’ என்று எல்லோரும் சுருக்கிச் சொல்லும் ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் பதவியை விடவே விடாதீர்கள். இருபதாயிரம் டாலர் வரையிலான சிறு வழக்குகளும், வாடகைதாரரை வெளியேற்றும் வழக்குகளும் அவரிடம்தான் போகின்றன. அவரும் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. மகள் வீட்டில் இருந்தபோது ஒரு காலை நேரம் அப்படியொரு நீதிமன்றத்தின் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வாடகை வழக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கூப்பிடப்பட்டன. பாதிப் பேர் வரவேயில்லை. வராதவர் வீடு காலி. வந்தவர்களில், சீருடையோடு வேலைக்குப் போகும் வழியில் வந்திருந்த ஒரு பெண், பணம் கட்டிய ரசீதைக் கைபேசியில் தேடிக்கொண்டே நின்றார். நீதிபதி அவருக்காகக் காத்திருந்தார். அவர் காத்திருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. நீதிமன்றம் எல்லோருக்கும் திறந்தது. உங்கள் பகுதி ஜேபி எப்படி நடந்துகொள்கிறார் என்று ஒரு காலை விடுப்பு எடுத்துக்கொண்டு நீங்களே போய்ப் பார்க்கலாம்.

மாவட்ட நீதிபதிகளைப் பற்றி ஹூஸ்டன் வழக்கறிஞர் சங்கம் தன் உறுப்பினர்களிடம் வாக்கெடுத்து வெளியிடுகிறது. பெண் வாக்காளர் கழகம் வேட்பாளர்களின் பதில்களைக் கையேடாகத் தருகிறது. இரண்டிலும் கட்சிவாடை கொஞ்சம் கலந்திருக்கலாம். இருந்தாலும் பெயரின் ஓசையைவிடத் தேவலை. பல கவுன்ட்டிகளில் நவம்பர் வெறும் சடங்கு, மார்ச் மாத முதற்கட்டத் தேர்தலிலேயே முடிவு தெரிந்துவிடும். டெக்சாஸில் கட்சியில் பதிவு செய்துகொள்ள வேண்டியதில்லை, ஏதேனும் ஒரு கட்சியின் முதற்கட்டத்தில் யாரும் வாக்களிக்கலாம். அதற்கு வருவோர் எண்ணிக்கை மிகக் குறைவு என்பதால் உங்கள் ஒரு வாக்குக்கு அங்கே கனம் அதிகம். கவுன்ட்டி ஜட்ஜ் பதவி அதிபர் தேர்தல் இல்லாத இரட்டைப்படை ஆண்டுகளில் வரும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த அம்மையார் தடுத்தது கைபேசியைத்தான். மாதிரி வாக்குச்சீட்டைக் கவுன்ட்டியின் இணையதளத்தில் முன்கூட்டியே எடுத்து, வீட்டில் உட்கார்ந்து குறித்து, தாளாக மடித்துச் சட்டைப்பையில் கொண்டுபோகலாம். அதற்குத் தடையில்லை.

அன்புடன்